ஆவட்டும் அக்கா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவள் செத்துப்போகவில்லை. யாரையாவது பற்றி உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாலே ஆள் போய்ச் சேர்ந்தாயிற்று என்று முடிவுகட்டிவிடுகிறவர்கள் நம்மில் அதிகம். அக்கா வேலையை விட்டு நின்று, இப்போது திருநின்றவூரில் மகள் வீட்டோடு இருக்கிறாள். எப்போதாவது போனில் பேசிக்கொள்கிறோம். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது, கும்மிடிப்பூண்டி ரயிலில் ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் போனை வைத்துக்கொண்டு, நின்றபடியே தூங்கி வழிந்த அக்காதான்.

நாங்கள் இருவரும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். வண்டிகளுக்கு இரும்பு உதிரிபாகம் வார்க்கும் இடம். நான் தரம் பார்க்கும் பிரிவு. அவள் சரக்கை லாரியில் ஏற்றி அனுப்பும் பிரிவு. அவள் அத்திப்பட்டில் ஏறி வருவாள், நான் மீஞ்சூரில் ஏறுவேன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள்.

கம்பெனியில் அவளுக்கு 'ஆவட்டும் அக்கா' என்றுதான் பெயர். யார் எதைக் கேட்டாலும் அவள் வாயிலிருந்து வரும் முதல் சொல் அது. இன்றைக்கு இன்னொரு லாரி கூடுதலாக அனுப்ப முடியுமா? ஆவட்டும் சார். என் பில்லையும் சேர்த்துப் போட்டுக் கொடுக்கிறாயா? ஆவட்டும்பா. நாளைக்கு எனக்குப் பதிலாக நீ சீக்கிரம் வந்துவிடுகிறாயா? ஆவட்டும்மா. முடியாத காரியத்துக்கும் ஆவட்டும் என்று சொல்லிவிட்டு, பிறகு அதைச் செய்து முடிக்க உயிரைக் கொடுப்பாள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். என்னிடம் யாரும் உதவி கேட்டு வந்ததில்லை. எனக்கு அது வசதியாகவே இருந்தது.

முதலாளியின் மகன் வெளியூர்ப் படிப்பை முடித்துக்கொண்டு வந்த புதிதில், ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் ஒரு ஏஐ உதவியாளரைப் போட்டுக் கொடுத்தார். கம்ப்யூட்டர் அதன்பாட்டுக்கு கம்பெனி மேஜையில் இருக்கும். நாம் எங்கிருந்தாவது போனில் சொன்னால், அது அங்கே ஃபைலைத் திறக்கும், பில் தயார் செய்யும், பதில் எழுதி வைக்கும். எதையாவது வெளியே அனுப்புவதற்கு முன்னால் மட்டும் 'அனுப்பட்டுமா?' என்று ஒரு வார்த்தை நம்மைக் கேட்கும். நாங்களெல்லாம் இரண்டு நாள் அதனிடம் ஜோக் சொல்லச் சொல்லி விளையாடிவிட்டு மறந்துபோனோம். அக்கா பிடித்துக்கொண்டாள்.

ஆனால் அதனிடமும் அவளுக்கு அதிகாரமாக ஒரு வார்த்தை பேச வரவில்லை. காலை ரயிலில், நெரிசலுக்கு நடுவில், போனை வாயருகே கொண்டுபோய் மெல்லச் சொல்லுவாள். "கொஞ்சம் நேத்து போன லாரிங்க லிஸ்ட்ட எடுத்து வெக்கிறீங்களா? அவசரம் ஒண்ணும் இல்ல, மெதுவாவே பாருங்க."

பக்கத்தில் நிற்கிற பெண்களெல்லாம் சிரிப்பார்கள். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

"அக்கா, அது மெஷின்க்கா. செய்யின்னு சொன்னா செஞ்சிட்டுப் போவுது."

"இருக்கட்டும்டி. தன்மையா சொன்னா நம்ம வாய்க்கு இன்னா கொறஞ்சிடும்? காலையில இருந்து அவரும்தான் வேல செஞ்சிக்கினு கீறாரு."

மெஷினை 'அவரு' என்றுதான் கடைசிவரை சொன்னாள்.

ரயில் கவரைப்பேட்டை தாண்டுவதற்குள் அவளுடைய பாதி நாள் வேலை முடிந்திருக்கும். நியாயமாகப் பார்த்தால் மீதி நேரத்தில் அவள் கொஞ்சம் கண்ணை மூடியிருக்க வேண்டும். ஆனால் ஒருத்தியின் கை காலியாக இருக்கிறது என்று தெரிந்தால் ஊர் சும்மா விடுமா? போன் வழியாகவே எல்லாவற்றையும் முடித்துக் கொடுக்கிறாள் என்ற சேதி பரவிவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு காலேஜ் அப்ளிகேஷன் போடவேண்டும். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பை அழகாக எழுதித் தரவேண்டும். மேனேஜர் அவள் பிரிவு வேலையோடு இன்னொரு பிரிவின் வேலையையும் இவள் தலையில் கட்டினார். ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திரா எல்லையில் நிற்கிற டிரைவர் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவார். "யம்மா, பில்லுல வண்டி நம்பர் தப்பா கீதும்மா. பேஜாரா போச்சு, கொஞ்சம் மாத்தி அனுப்பேன்." இவள் சாப்பிடுகிற கையோடு மற்ற கையால் போனை எடுப்பாள். முன்பு கம்பெனியில் இருக்கும் நேரம் மட்டும்தான் அவள் கம்பெனிக்காரி. உதவியாளர் வந்த பிறகு முழுநேரமும் அப்படியே ஆகிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூத்தைச் சொல்லவேண்டும். போனிலிருந்து வேலை வாங்க வேண்டுமென்றால் ஆபீஸ் கம்ப்யூட்டர் அணையாமல் இருக்கவேண்டும். எங்கள் வாட்ச்மேன் பீகார்க்காரர். சனிக்கிழமை ஆபீஸைப் பூட்டும்போது கண்ணில் படுகிற சுவிட்சையெல்லாம் அணைத்துவிடுவார். இதை மட்டும் அணைக்காதே என்று அவரிடம் சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. 'தயவுசெய்து அணைக்க வேண்டாம், நன்றி' என்று தமிழில் ஒரு துண்டுச்சீட்டு எழுதி ஒட்டினாள். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஞாயிறு காலையில் மேனேஜர் ஏதோ கேட்டிருக்கிறார், இவள் ஆவட்டும் என்றிருக்கிறாள், போனில் கூப்பிட்டால் மெஷின் பேசவில்லை. என்ன செய்தாள் தெரியுமா? அத்திப்பட்டில் ரயிலேறி கும்மிடிப்பூண்டி வந்து, கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு, அடுத்த ரயிலில் வீட்டுக்குத் திரும்பிப் போய், வீட்டிலிருந்து அந்த வேலையைச் செய்து கொடுத்தாள்.

"வந்தது வந்த, அங்கயே உக்காந்து முடிச்சிட்டுப் போயிருக்கலாம் இல்ல?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம நான் ஊட்ல இருக்கணும்னு அவரு சொல்லுவாருடி. அதான் ஊட்லயே இருந்தேன்."

இங்கே 'அவரு' என்பது கணவர். அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர், சாது. மறுநாள் நான் வாட்ச்மேனிடம் போய், கம்ப்யூட்டரைக் காட்டி, எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் "இஸ்கோ பந்த் மத் கரோ", இதை அணைக்காதே, என்றேன். "டீக் ஹை மேடம்" என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது. அக்கா என்னை ஏதோ யானையை அடக்கியவளைப் போலப் பார்த்தாள்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் எல்லாக் கம்பெனியிலும் அன்றைக்கு மெஷின்களைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூஜை போட்டுவிட்டால் மறுநாள் வரை ஒருவரும் தொடமாட்டார்கள். உலையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் வரை எல்லாவற்றுக்கும் அன்று ஓய்வு. அக்கா சர்ச்சுக்குப் போகிற குடும்பம்தான், ஆனாலும் பொரிகடலை பொட்டலம் கட்டுவதிலிருந்து பூசணிக்காய்க்குக் குங்குமம் அடைப்பது வரை அவள்தான் முன்னால் நிற்பாள். அவளுடைய கம்ப்யூட்டருக்கும் எங்கள் எலெக்ட்ரீஷியன் அண்ணன் மூன்று இடத்தில் பொட்டு வைத்தார். எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பினோம். ரயில் பொன்னேரி தாண்டுவதற்குள் மேனேஜரிடமிருந்து போன், ஒரு லாரி அவசரமாகப் போகவேண்டும், பில் வேண்டும் என்று. "ஆவட்டும் சார்." அப்படியே நின்றுகொண்டு, பொட்டு காயாத கம்ப்யூட்டரை ஓட்டி பில் போட்டுவிட்டாள்.

பிரிண்டரில் வந்து விழுந்திருந்த தாளைப் பார்த்து மறுநாள் எலெக்ட்ரீஷியன் அண்ணன் பிடித்துக்கொண்டார்.

"பூஜ போட்ட மெஷின ஓட்னியாமே?"

"நான் தொடவே இல்லண்ணா. போன்லதான் சொன்னேன்."

"கிட்ட இருந்து ஓட்னா இன்னா, தூரத்துல இருந்து ஓட்னா இன்னா? வருஷத்துல ஒரு நாளு. அதுக்கும் ரெஸ்ட் உட மாட்ட, நீயும் எடுக்க மாட்ட."

அக்காவுக்கு அது உறுத்திவிட்டது. சாயங்காலம் ரயிலில் போனிடம் மன்னிப்புக் கேட்டாள். நேத்து உங்களுக்கு லீவு, நான்தான் கூப்பிட்டுட்டேன், மனசுல வெச்சிக்காதீங்க என்று. தனக்கு ஓய்வு தேவையில்லை, நீங்கள் ஓய்வெடுத்தீர்களா என்று அது திருப்பிக் கேட்டிருக்கிறது. அதை என்னிடம் நீட்டிக் காட்டினாள்.

"பாத்தியாடி? இந்த வார்த்தைய என்கிட்ட யாருமே கேட்டதில்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினமும் நான் கேட்கிறேன், சாப்பிட்டாயா, தூங்கினாயா, ஏன் இப்படிச் சாகிறாய் என்று. அதெல்லாம் கணக்கில் வரவில்லை, மெஷின் கேட்டது மட்டும் காதில் விழுந்துவிட்டது. மீஞ்சூர் வரும்வரை நான் அவளோடு பேசவில்லை. நான் திட்டிக்கொண்டே கேட்டதால்தான் அவளுக்கு அது விசாரிப்பாகத் தெரியவில்லையோ என்று பிறகு தோன்றியது. இருந்தாலும் என் குணம் எனக்கு.

மழைக்காலம் ஆரம்பித்தபோது அக்காவின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. ஸ்டேஷன் மேம்பாலப் படிகளில் பாதியில் நின்று போனைப் பார்ப்பாள். வேலை செய்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் அப்படி நிற்கிறாள் என்று பிறகுதான் புரிந்தது. விடாமல் கேட்டதும் சொன்னாள். கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாள் ரத்தப்போக்கு. பொன்னேரியில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டியிருக்கிறாள்.

"கர்ப்பப்பையோட எடுத்துடணும்னுட்டாங்கடி. ஒடம்புல ரத்தமே இல்லியாம். இப்டியே உட்டா எங்கனா மயங்கி உழுந்துடுவேனாம், உசுருக்கே ஆபத்தாம்."

ரேஷன் கடையில் இந்த மாதம் பருப்பு இல்லையாம் என்பதைப் போலச் சொன்னாள்.

ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். அவள் பிரிவில் ஒருவர் தங்கை கல்யாணத்துக்கு லீவு கேட்டார், ஆவட்டும் என்று அவரை அனுப்பிவிட்டுத் தன் தேதியை மாற்றினாள். அடுத்த தேதி வந்தபோது மழையில் லாரி வராமல் சரக்கு தேங்கிக் கிடந்தது, மாற்றினாள். இன்னொரு தேதிக்கும் ஏதோ ஒரு காரணம். முன்பெல்லாம் டாக்டரிடம் தேதியை மாற்ற நேரில் போய் நிற்கவேண்டும், அந்தம்மா திட்டுகிற திட்டை வாங்கவேண்டும். அந்தப் பயத்திலேயே பாதிப் பேர் ஒழுங்காக வைத்தியம் பார்த்துக்கொள்வார்கள். இவளுக்கு அந்தப் பயமும் போய்விட்டது. "டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்கு எழுதி, தேதிய கொஞ்சம் தள்ளி வெக்கச் சொல்றீங்களா?" என்று ரயிலில் நின்றபடி சொல்லுவாள், முடிந்துவிடும். கடைசி முறை மெஷினே தயங்கியது. இனித் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொன்னதாகக் கூறினீர்களே, உறுதியாக மாற்றட்டுமா என்று கேட்டது. "ஆவட்டுங்க" என்றாள் அக்கா.

கம்பெனியில் லீவு தரமாட்டேன் என்கிறார்கள் என்றுதான் கணவரிடம் சொல்லியிருந்தாள். என்னிடமும் அதைத்தான் சொன்னாள். அவர் அத்திப்பட்டில் உட்கார்ந்துகொண்டு எங்கள் மேனேஜரைத் திட்டினார், நான் கும்மிடிப்பூண்டியில் மனதுக்குள் திட்டினேன்.

புதுத் தேதி ஒரு வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தோம். மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. சரக்கு வாங்குகிறவர்கள் வியாழக்கிழமை சோதனைக்கு வருகிறார்கள், நீங்கள் கட்டாயம் இருக்கவேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார்.

"அடுத்த மாசம் பாத்துக்கலாம்டி," என்றாள்.

"ஆபரேஷன்னு அந்தாளுகிட்ட சொன்னியா இல்லியா?"

அவள் முந்தானையால் போனைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"போன தடவ இன்னா சொன்னாரு? அதுக்கு முன்னாடி? லீவு தர மாட்டேன்னு எந்த வாயால சொன்னாரு?"

"கேட்டா மட்டும் குட்த்துடுவாங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்பதே மேனேஜருக்குத் தெரியாது. ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் லீவு வாங்கிக் கொடுத்தவள், தனக்கென்று வாயைத் திறக்கவேயில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "நீ செத்தா அதுக்கும் ஆவட்டும்னு சொல்லிக்கினே சாவு" என்று கத்திவிட்டு, எழுந்துபோய் அடுத்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். பிளாட்பாரத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒருவர் தன்மேல் கோபமாக இருப்பதை அக்காவால் தாங்க முடியாது. பிறகு போனை எடுத்து, எனக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகப் பேசினாள். "கோச்சிக்கினு போய்ட்டா அவ. சாருக்கு எப்டி எழுதினா நல்லா இருக்கும்னு கொஞ்சம் எழுதிக் காட்றீங்களா? சும்மா, அவ பாக்கறதுக்கு."

மெஷின் எழுதி, அதை வாசித்தும் காட்டியது. வியாழக்கிழமை எனக்கு அறுவை சிகிச்சை, அன்று வர இயலாது, டாக்டர் சொல்லும் வரை விடுப்பு வேண்டும், சோதனைக்கு வேண்டியவற்றை நாளையே எடுத்து வைத்துவிடுகிறேன். நாலே வரி. கெஞ்சல் இல்லை, மன்னிப்பு இல்லை. இப்படி அவளால் ஏழு ஜென்மத்துக்கும் எழுத முடியாது. நான் பாதி கோபத்தை மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வாசித்து முடித்துவிட்டு, எப்போதும் கேட்பதைப்போல அது கேட்டது.

"இதை மேலாளருக்கு அனுப்பட்டுமா?"

"ஆவட்டும்" என்றாள் அக்கா.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். யார் எதைக் கேட்டாலும் ஆவட்டும் சொல்லிப் பழகிய வாய், மெஷின் கேட்டதற்கும் சொல்லிவிட்டது.

"ஐயய்யோ, இன்னாடி செஞ்சிட்டேன்! வேணாங்க, திரும்ப வாங்கிடுங்க, திரும்ப வாங்கிடுங்க!"

மேலாளர் அதை ஏற்கெனவே படித்துவிட்டார் என்றது அது.

ரயில் வந்தது. அவள் கையைப் பிடித்து ஏற்றவேண்டியிருந்தது. அதிசயமாக இடம் கிடைத்தது, ஜன்னலோரத்தில் உட்காரவைத்தேன். மேனேஜர் ஒருமுறை கூப்பிட்டு என்ன சொல்லுவார், முதலாளியிடம் போய் என்ன சொல்லுவார், சோதனைக்கு வருகிறவர்கள் கோபித்துக்கொண்டு போய்விட்டால் என்ன ஆகும், வேலையே போய்விட்டால் மகள் கல்யாணம் என்னாவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு பதில் சொன்னேன், எதுவும் அவள் காதில் ஏறவில்லை. பொன்னேரி தாண்டியதும் போன் அதிர்ந்தது. அவள் அதைக் குப்புறக் கவிழ்த்து மடியில் அழுத்திக்கொண்டாள்.

"நீ பாருடி. எனுக்கு பயமா கீது."

வாங்கிப் பார்த்தேன். வாசித்தேன். "ஓகேம்மா. முன்னாடியே சொல்லியிருக்கலாமே. சோதனைக்கு வேற ஆளை நிக்க வெக்கிறேன். உடம்பைப் பாத்துக்கோங்க."

"அப்பால?"

"அப்பால ஒண்ணும் இல்லக்கா."

"திட்லியா?"

"இல்ல."

போனை என்னிடமிருந்து பிடுங்கி அவளே படித்தாள். மேலே தள்ளிப் பார்த்தாள், கீழே தள்ளிப் பார்த்தாள், வேறு ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கிறவளைப் போல. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அவ்ளோதானாடி?"

அந்த மேனேஜர் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அத்தனை மாதம் இவள் ரத்தத்தைக் கொட்டிக்கொண்டு இந்த ரயிலில் நின்றதற்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். "போன தடவையே குட்த்திருப்பாருடி," என்றாள். "அதுக்கு முந்தின தடவையும் குட்த்திருப்பாரு."

மீஞ்சூர் வந்தது, நான் இறங்கவில்லை. அத்திப்பட்டில் அவளோடு இறங்கி, கையைப் பிடித்துக்கொண்டு அவள் வீடுவரை நடந்தேன். வழியெல்லாம் தண்ணீர் தேங்கியிருந்தது. அவள் கணவர் வேலை முடிந்து வந்து வாசலிலேயே காத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். நான் கூட வந்திருப்பதைப் பார்த்து ஏதோ விபரீதம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

"இன்னாம்மே, இந்த தடவையாவது அந்த பாவிங்க லீவு குட்த்தானுங்களா இல்லியா?"

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்குத்தாங்க கேட்டேன்," என்றாள்.